கீழ்ப்படிதலைப் படிக்க எந்தத் தமிழ் வேதாகமம்? பழைய திருப்புதலும் திருவிவிலியமும்

"ஆகையால், தேவனுக்குக் கீழ்ப்படிந்திருங்கள், பிசாசுக்கு எதிர்த்து நில்லுங்கள், அப்பொழுது அவன் உங்களைவிட்டு ஓடிப்போவான்." யாக்கோபு 4:7. பழைய திருப்புதலில் இந்த வசனம் இப்படி இருக்கிறது. திருவிவிலியத்தில் அதே இடத்தைத் திறந்தால் "கடவுளுக்குப் பணிந்து வாழுங்கள், அலகையை எதிர்த்து நில்லுங்கள்" என்று வருகிறது. கீழ்ப்படிந்திருங்கள், பணிந்து வாழுங்கள். மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். ஆனால் தேவனுடைய அதிகாரத்துக்குக் கீழே வாழ்வது என்றால் என்ன என்று ஒருவர் உட்கார்ந்து படிக்கத் தொடங்கினால், இந்த ஒரு சொல்லிலேயே இரண்டு வேதாகமங்களும் பிரிந்துபோகின்றன. வாங்குமுன் தெரிந்துகொள்ள வேண்டிய வேறுபாடு அது. ஆகவே இரண்டையும் இந்த ஒரு காரியத்துக்கு மட்டும் வைத்து எடைபோடுகிறேன்: கீழ்ப்படிதலைப் படிக்க எது உதவும், எது எங்கே வழுக்கும்.

எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய திருப்புதல் என்று சபைகளில் சொல்வது, ஹென்றி பவர் தலைமையில் திருத்தப்பட்டு 1871-இல் முழு வேதாகமமாக வந்த மொழிபெயர்ப்பு. தரங்கம்பாடியில் சீகன்பால்கு மொழிபெயர்த்து 1715-இல் அச்சில் வந்த புதிய ஏற்பாடு, பின் பப்ரிசியுசின் 18-ஆம் நூற்றாண்டு மொழிபெயர்ப்பு என்று வந்த வரிசையில் நிலைத்து நின்றது இதுதான். சி.எஸ்.ஐ., லுத்தரன், பெந்தெகொஸ்தே என்று பெரும்பாலான சபைகளில் பீடத்தில் இருப்பது இன்றும் இதுவே. திருவிவிலியம் 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பு. கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் சேர்ந்து செய்தது. கத்தோலிக்க ஆலயங்களில் வாசிக்கப்படுவது. இணைத்திருமுறை நூல்களும், அதாவது கத்தோலிக்கர் பழைய ஏற்பாட்டில் கூடுதலாக ஏற்கும் நூல்களும், சேர்ந்து இதில் 73 நூல்கள் இருக்கும். பழைய திருப்புதலில் 66.

முதலில் பழைய திருப்புதலின் பெரிய குறையைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தத் தலைப்பில் மக்கள் காயப்படுவது பெரும்பாலும் அங்கேதான். கிரேக்க மூலத்தில் குறைந்தது நான்கு வெவ்வேறு சொற்கள் இருக்கிற இடத்தில் தமிழில் 'கீழ்ப்படி' என்ற ஒரே சொல் நிற்கிறது.

எபேசியர் 6:1-இல் பிள்ளைகளுக்குச் சொல்லப்படுவது ஹுபகூவோ. 'கீழே நின்று கேள்' என்பது அதன் சொல்லமைப்பு. சொன்னதைக் கேட்டு அதன்படி செய்வது. எபேசியர் 5:21-இலும் யாக்கோபு 4:7-இலும் வருவது ஹுப்போதாஸ்ஸோ. தாஸ்ஸோ என்றால் வரிசைப்படுத்தி நிறுத்துவது. படையை அணிவகுப்பதற்கும் அந்தச் சொல்தான். ஹுப்போதாஸ்ஸோ என்றால் ஒருவருக்குக் கீழே தன் இடத்தை ஏற்று நிற்பது. அப்போஸ்தலர் 5:29-இல் பேதுரு ஆலோசனைச் சங்கத்தின் முன் சொல்வது பெய்தார்கேயோ, அதாவது ஆளுகிறவரின் சொல்லை ஏற்பது. எபிரெயர் 13:17-இல் சபையை நடத்துகிறவர்களைப் பற்றி வருவது பெய்தோ. இணங்குவது, நம்பி ஏற்பது, ஒருவர் எடுத்துச் சொன்னதில் மனம் ஒப்புவது என்ற சாயல் அதற்கு உண்டு. நான்கையும் பழைய திருப்புதல் 'கீழ்ப்படி' என்றே தருகிறது.

இதனால் என்ன கெட்டுப்போகிறது? தேவனுக்கு முன் தன் இடத்தை ஏற்று நிற்பதும், அப்பா சொன்ன வேலையைச் செய்வதும், அரசாங்கத்துக்கு வரி கட்டுவதும், போதகர் எடுத்துச் சொன்னதற்கு இணங்குவதும் வாசிப்பவர் காதில் ஒரே செயலாக விழுகின்றன. ஒரே செயல் என்று விழுந்த பிறகு, தேவனுக்கு உரிய அளவில்லாத கீழ்ப்படிதலை ஒரு மனிதர் தனக்கென்று கேட்கும்போது, "வேதத்தில் அதே சொல்தானே இருக்கிறது" என்று சபையார் வாயடைத்துப்போகிறார்கள். கணவன் அடித்தாலும் பொறுத்துக்கொள் என்று பெண்களுக்குச் சொல்லும் ஆலோசனையும் இதே வழியில்தான் வசனத்தின் துணையைப் பிடித்துக்கொள்கிறது. மொழிபெயர்த்தவர்கள் இதை நினைத்திருக்க மாட்டார்கள். ஆனால் ஒரு கருவியை மதிப்பிடும்போது அது எங்கே கையை அறுக்கும் என்று சொல்லாமல் விடக்கூடாது.

திருவிவிலியம் இந்த இடத்தில் தெளிவாக முன்னே நிற்கிறது. எபேசியர் 5:21-இல் "கிறிஸ்துவுக்கு அஞ்சி ஒருவருக்கொருவர் பணிந்திருங்கள்." லூக்கா 2:51-இல் சிறுவனாகிய இயேசு நாசரேத்துக்குத் திரும்பிப் பெற்றோருக்குப் "பணிந்து நடந்தார்." ஆனால் எபேசியர் 6:1-இல் பிள்ளைகளுக்குக் "கீழ்ப்படியுங்கள்." பணிதல் ஒரு நிலை, கீழ்ப்படிதல் ஒரு செயல் என்ற வேறுபாடு தமிழ் வாசகனுக்குத் தானாகவே கிடைத்துவிடுகிறது. எல்லா இடத்திலும் இந்தக் கணக்கு மாறாமல் ஓடும் என்று மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எந்த மொழிபெயர்ப்பும் கிரேக்கச் சொல்லுக்குத் தமிழ்ச் சொல் என்று பட்டியல் போட்டு ஓடுவதில்லை. ஆனால் வேறுபாடு உண்டு என்று கண்ணுக்குத் தெரிவதே பாதி வேலை.

அதே 5:21-இல் இன்னொன்றும் இருக்கிறது. பழைய திருப்புதலில் "தெய்வபயத்தோடே", திருவிவிலியத்தில் "கிறிஸ்துவுக்கு அஞ்சி". இது மொழிநடை வேறுபாடு அல்ல. 19-ஆம் நூற்றாண்டில் மொழிபெயர்ப்பாளர்கள் கையில் இருந்த அச்சுக் கிரேக்க நூலில் 'தேவனுக்கு' என்று இருந்தது. அதைவிடப் பழைய கையெழுத்துப் பிரதிகளில் 'கிறிஸ்துவுக்கு' என்று இருக்கிறது. அடுத்த வசனமாகிய 5:22-ஐப் பாருங்கள். "மனைவிகளே, ... கீழ்ப்படியுங்கள்" என்று தமிழில் வினை இருக்கிறது. மிகப் பழைய பிரதிகளான பாப்பிரஸ் 46-இலும் வத்திக்கான் பிரதியிலும் அந்த இடத்தில் வினையே கிடையாது. 21-இல் "ஒருவருக்கொருவர்" என்பதோடு சேர்ந்து வரும் வினைதான் அங்கேயும் ஓடி வருகிறது. தமிழில் கட்டளை வாக்கியம் வினையில் முடிந்தாக வேண்டும் என்பதால் இரண்டு மொழிபெயர்ப்புகளும் அதைத் திரும்பச் சொல்கின்றன; அது குற்றமில்லை. ஆனால் 21-க்கும் 22-க்கும் நடுவே ஒரு முற்றுப்புள்ளியும், சில பதிப்புகளில் ஒரு தலைப்பும் விழும்போது, "ஒருவருக்கொருவர்" மேலே தங்கிவிடுகிறது, "மனைவிகளே" மட்டும் கீழே இறங்கிவருகிறது. நடுவில் வரும் தலைப்புகள் எல்லாம் பதிப்பாளர் இட்டவை. படிக்கும்போது அவற்றைப் பென்சிலால் லேசாக அடித்துவிட்டு 18-இலிருந்து 33 வரை ஒரே மூச்சில் வாசிப்பதே சரியான வழி. 18-இல் "ஆவியினால் நிறைந்து" என்பதில் தொடங்கும் வாக்கியம்தான் கிரேக்கத்தில் 21 வரை நீளுகிறது.

இனி பழைய திருப்புதலின் பலத்துக்கு வரலாம். அதன் சொற்களுக்கு ஒரு கனம் இருக்கிறது, அந்தக் கனம் இந்தத் தலைப்புக்குத் தேவை. 1 சாமுவேல் 15:22-ஐ வாய்விட்டு வாசியுங்கள்: "பலியைப்பார்க்கிலும் கீழ்ப்படிதலும், ஆட்டுக்கடாக்களின் நிணத்தைப்பார்க்கிலும் செவிகொடுத்தலும் உத்தமம்." 'நிணம்' என்ற சொல் இன்று வீட்டில் யாரும் சொல்வதில்லை. ஆனால் சவுல் அமலேக்கியரிடமிருந்து தப்பவிட்ட கொழுத்த ஆடுகள் பலிபீடத்தில் உருகும் வாசம் அந்த ஒரு சொல்லில் வந்துவிடுகிறது. 'செவிகொடுத்தல்' அதைவிட முக்கியம். எபிரெயத்தில் கீழ்ப்படிதலுக்கென்று தனிச் சொல்லே இங்கே இல்லை. ஷமா, 'கேள்' என்பதுதான். "இஸ்ரவேலே, கேள்" என்று உபாகமம் 6:4-இல் வரும் அதே சொல். தமிழிலும் இதே வழக்கு நம் வாயில் இருக்கிறது. "பையன் சொன்னா கேக்கவே மாட்டேங்கிறான்" என்று அம்மா சொன்னால் அவனுக்குக் காது கேட்கவில்லை என்று யாரும் நினைப்பதில்லை. எபிரெயச் சொல்லை விளக்க இதைவிட நல்ல உதாரணம் வேறு மொழியில் தேட வேண்டியதில்லை. பழைய திருப்புதல் கீழ்ப்படிதலையும் செவிகொடுத்தலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருப்பதால் அந்த உறவு தமிழில் உயிரோடு இருக்கிறது.

பெயர்களிலும் இரண்டுக்கும் தனித்தனி வரவு உண்டு. எபிரெயத்தில் தேவனுடைய திருப்பெயர் வரும் இடத்தில் பழைய திருப்புதல் 'கர்த்தர்' என்கிறது, திருவிவிலியம் 'ஆண்டவர்' என்கிறது. 'ஆண்டவர்' என்பது ஆளுதலில் பிறந்த சொல். ஜெபத்தில் "ஆண்டவரே" என்று அழைக்கும் ஒவ்வொரு தடவையும் என்னை ஆளுகிறவரே என்றுதான் சொல்கிறோம். சொல் தேய்ந்து பழகிப்போனதால் அதை யாரும் கவனிப்பதில்லை. திருவிவிலியத்தில் திருப்பாடல்களை இந்த நினைவோடு வாசித்தால் வேறுவிதமாகக் கேட்கும்.

பழைய திருப்புதலில் வழுக்கும் இடங்கள் சொற்களின் பொருள் மாறிப்போனதால் வருபவை. மிக மோசமானது 1 பேதுரு 5:3. மூப்பருக்குச் சொல்லப்படுவது: "சுதந்தரத்தை இறுமாப்பாய் ஆளுகிறவர்களாக அல்ல, மந்தைக்கு மாதிரிகளாகவும்." இன்று 'சுதந்தரம்' என்று வாசித்தால் ஆகஸ்ட் 15 நினைவுக்கு வரும். பழைய திருப்புதலில் 'சுதந்தரம்' என்றால் உரிமைப் பங்கு, ஒருவர் கையில் ஒப்படைக்கப்பட்ட சொத்து. சபை தேவனுடைய சொத்து, அதைத் தன் கைச்சரக்கு போல் ஆளாதே என்பதுதான் வசனம். அதிகாரம் செலுத்துகிறவர்களைக் கட்டிப்போடும் மிக வலுவான வரிகளில் ஒன்று இது. சொல் மாறிப்போனதால் பாதிப்பேர் புரியாமலே கடந்துபோகிறார்கள். திருவிவிலியத்தில் இந்த வசனத்தின் பொருள் நேராக வந்துவிடுகிறது. இரண்டையும் அருகில் வைத்து வாசிக்கச் சொல்வதற்கு இந்த ஒரு இடமே போதும்.

'கடவது' என்ற முடிபும் அப்படித்தான். ரோமர் 13:1-இல் "எந்த மனுஷனும் மேலான அதிகாரமுள்ளவர்களுக்குக் கீழ்ப்படியக்கடவன்." 'கடவன்' என்றால் கடமைப்பட்டவன். ஆனால் இன்றைய காதுக்கு 'நாசமாகக்கடவது' போலச் சாபமாக ஒலிக்கிறது. அப்புறம் 'அதிகாரம்' என்ற சொல்: தமிழ் வேதாகமத்தில் அதுதான் ஆளுகையையும் குறிக்கிறது, நூலின் பிரிவையும் குறிக்கிறது. கைப்பேசிச் செயலியில் 'அதிகாரம்' என்று தேடும்போது பிரிவுத் தலைப்புகள் வந்து குவிந்தால் பதற வேண்டாம். 'அதிகாரமு', 'அதிகாரத்' என்று நீட்டித் தேடினால் ஆளுகை வரும் இடங்கள் தனியாகக் கிடைக்கும்.

பழைய திருப்புதலுக்கு இன்னொரு பலம், அது கிடைக்கும் பதிப்பு வகை. இணைவசனம் போட்ட பதிப்பு, அதாவது ஒவ்வொரு வசனத்துக்கும் தொடர்புள்ள வேறு வசனங்களின் எண்களைப் பக்கத்தின் நடுவிலோ ஓரத்திலோ அடியிலோ தருவது. கீழ்ப்படிதலைப் படிக்க விளக்கவுரையைவிட இது மேல். காரணம், இந்தத் தலைப்பில் எல்லாத் தவறுகளும் ஒரு வசனத்தைத் தனியாகப் பிய்த்து எடுப்பதில்தான் பிறக்கின்றன.

ஒரு உதாரணம் பாருங்கள். போதகரைக் கேள்வி கேட்கக்கூடாது என்பதற்கு மேடையில் அடிக்கடி வருவது 1 நாளாகமம் 16:22: "நான் அபிஷேகம்பண்ணினவர்களை நீங்கள் தொடாமலும், என்னுடைய தீர்க்கதரிசிகளுக்குத் தீங்குசெய்யாமலும் இருங்கள்." இணைவசனத்தில் இது சங்கீதம் 105:15-க்குக் கொண்டுபோகும். அங்கே முன்னும் பின்னும் வாசித்தால் இது யாரிடம் யாரைப் பற்றிச் சொல்லப்பட்டது என்று தெரிந்துவிடும். ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு என்ற பரதேசிகள் ஊர் ஊராகத் திரியும்போது அந்நிய ராஜாக்கள் அவர்களுக்குத் தீங்கு செய்யக்கூடாது என்று தேவன் அந்த ராஜாக்களை எச்சரித்தது. பலவீனரைக் காக்க அதிகாரமுள்ளவர்களுக்கு இட்ட கட்டளை, அதிகாரமுள்ளவரைக் காக்கப் பலவீனரிடம் சொல்லப்படுகிறது. இரண்டு நிமிடத்தில் இணைவசனம் இதைக் காட்டிவிடுகிறது.

ஆகவே கடையில் எந்த இணைவசனப் பதிப்பை எடுத்தாலும் ஆறு இடங்களைத் திறந்து பாருங்கள். ரோமர் 13:1-க்கு யோவான் 19:11 இருக்கிறதா? பிலாத்துவிடம் "பரத்திலிருந்து உமக்குக் கொடுக்கப்படாதிருந்தால்" என்று இயேசு சொல்லும் இடம் அது. அப்போஸ்தலர் 5:29-க்கு அதே நூலின் 4:19-ஆவது, தானியேல் 3:18-ஆவது, பார்வோனின் கட்டளையை மீறிய மருத்துவச்சிகளின் யாத்திராகமம் 1:17-ஆவது வருகிறதா? 1 சாமுவேல் 15:22-க்கு ஓசியா 6:6? 1 பேதுரு 5:5-க்கு நீதிமொழிகள் 3:34? 1 நாளாகமம் 16:22-க்கு மேலே சொன்ன சங்கீதம்? கடைசியாக மத்தேயு 26:42-க்கு மத்தேயு 6:10? ஆறில் நான்கு இருந்தால் அந்தப் பதிப்பை நம்பி வாங்கலாம். இரண்டுக்கும் குறைவு என்றால் அது பெயருக்குத்தான் இணைவசனம். காசை வீணாக்க வேண்டாம்.

அந்தக் கடைசி இணைப்பை ஏன் கேட்கிறேன் என்றால், இந்தத் தலைப்பின் நடு அறையே அதுதான், தமிழில் அது மூடிக்கிடக்கிறது. கெத்செமனேயில் இயேசு முதல் தடவை ஜெபித்தது மத்தேயு 26:39-இல்: "இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கக்கூடுமானால் நீங்கும்படி செய்யும், ஆகிலும் என் சித்தத்தின்படியல்ல, உம்முடைய சித்தத்தின்படியே ஆகக்கடவது." இரண்டாம் தடவை 42-இல் வேண்டுதலின் வடிவம் மாறிவிடுகிறது: நான் பானம்பண்ணினாலொழிய இது "நீங்கக்கூடாதாகில், உம்முடைய சித்தத்தின்படி ஆகக்கடவது." நீங்கக்கூடுமானால் என்பதிலிருந்து நீங்கக்கூடாதாகில் என்பதற்கு. கேட்காமல் ஒப்புக்கொடுக்கவில்லை, கேட்டார். கேட்டபின் பிதாவின் பதிலுக்குள் வந்து நின்றார். மூன்றாம் தடவையும் அதே வார்த்தைகளைச் சொன்னார் என்று 44 சொல்கிறது. 42-இன் கடைசிப் பகுதி கிரேக்கத்தில் பரமண்டல ஜெபத்தின் வரி, எழுத்து மாறாமல் அப்படியே. சீஷருக்குக் கற்றுக்கொடுத்த ஜெபத்தைத் தாமே வியர்வையோடு ஜெபிக்கிறார். பழைய திருப்புதலில் 6:10 "செய்யப்படுவதாக" என்றும் 26:42 "ஆகக்கடவது" என்றும் இருப்பதால் இரண்டும் ஒரே வரி என்று எந்தத் தமிழ் வாசகனுக்கும் தெரிய வழியில்லை. இணைவசனம் மட்டுமே காட்டிக்கொடுக்கும்.

யாக்கோபு 4-லும் இப்படி ஒன்று மறைந்திருக்கிறது. 4:6-இல் பெருமையுள்ளவர்களுக்குத் தேவன் "எதிர்த்து நிற்கிறார்." 4:7-இல் பிசாசுக்கு "எதிர்த்து நில்லுங்கள்." தமிழில் இந்த இரண்டும் ஜோடியாகத் தெரிகின்றன. கிரேக்கத்தில் ஜோடி வேறு: 6-இல் எதிரணியில் நிற்பதற்கு ஆன்டிதாஸ்ஸோ, 7-இல் தேவனுக்குக் கீழ் அணியில் நிற்பதற்கு ஹுப்போதாஸ்ஸோ. பெருமையாயிருந்தால் அவர் உனக்கு எதிரே அணிவகுக்கிறார், நீ அவருக்குக் கீழே உன் இடத்தில் வந்து நில் என்பது பேச்சு. இதை எந்தத் தமிழ்ப் பதிப்பின் மேலும் குறையாகச் சொல்ல முடியாது. 'அணி' என்ற சொல்லை ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டால் போதும்.

படிக்கும் முறையைப் பற்றிக் கொஞ்சம். ரோமர் 13-இல் தொடங்க வேண்டாம், எபேசியர் 5-லும் வேண்டாம். இயேசுவின் கீழ்ப்படிதலில் தொடங்குங்கள்: லூக்கா 2:51, யோவான் 5:30, மத்தேயு 26:36-46, பிலிப்பியர் 2:5-11, எபிரெயர் 5:7-9, 1 கொரிந்தியர் 15:24-28. ஆறு நாளுக்கு ஆறு பகுதி. தேவனுடைய குமாரனே அடங்கி நின்றார் என்றால் அடங்குவது தாழ்ந்த சாதிக்காரன் வேலை, பெண் வேலை, வேலைக்காரன் வேலை என்ற எண்ணம் அங்கேயே அறுந்துபோகும். பிறகு யாக்கோபு 4:1-10-ஐயும் 1 பேதுரு 5:1-11-ஐயும் ஒரே நாளில். இரண்டும் ஒரே நீதிமொழியை மேற்கோள் காட்டி, ஒரே வரிசையில் போகின்றன: தாழ்மை, அடங்குதல், பிசாசை எதிர்த்தல். 1 பேதுரு 5:6-இன் "அவருடைய பலத்த கைக்குள் அடங்கியிருங்கள்" பழைய திருப்புதலின் மிக அழகான வரிகளில் ஒன்று. கோழிக்குஞ்சு கைக்குள் அடங்குவதுபோல, அதில் பயமும் பத்திரமும் சேர்ந்தே இருக்கின்றன.

அதன்பிறகுதான் மனிதருக்கு அடங்கும் பகுதிகள். நோட்டில் மூன்று பத்தி போடுங்கள்: யார் அடங்குவது, யாருக்கு, எந்த அளவுக்குள். மூன்றாவது பத்தியில்தான் கவனம் வேண்டும். பிள்ளைகளுக்குக் "கர்த்தருக்குள்" (எபேசியர் 6:1). மனைவிகளுக்குக் "கர்த்தருக்கேற்கும்படி" (கொலோசெயர் 3:18). குடிமக்களுக்குக் "கர்த்தர் நிமித்தம்" (1 பேதுரு 2:13). இந்தச் சிறு சொற்களைச் சிவப்புப் பென்சிலால் கோடிட்டால் பக்கத்தைப் புரட்டும்போதே தெரியும். யாக்கோபு 4:7-இல் அப்படி ஒரு அளவுச்சொல் கிடையாது. எபிரெயர் 13:17-க்கு வரும்போது மேலே பத்து வசனம் ஏறி 13:7-ஐயும் சேர்த்து வாசியுங்கள்: நடத்தினவர்களின் "நடக்கையின் முடிவை நன்றாய்ச் சிந்தித்து" அவர்கள் விசுவாசத்தைப் பின்பற்றச் சொல்கிறது. சிந்தித்துப் பார்க்க இடம் கொடுத்துவிட்டுத்தான் அடங்கியிருக்கச் சொல்கிறது. 17-இலேயே அவர்கள் "உத்தரவாதம்பண்ணுகிறவர்கள்", கணக்குக் கொடுக்கப்போகிறவர்கள் என்று காரணமும் இருக்கிறது.

செயலியில் தேடுகிறவர்கள் 'கீழ்ப்படிதல்' என்று முழுச் சொல்லை அடித்தால் கொஞ்சம்தான் கிடைக்கும். 'கீழ்ப்ப' என்று நிறுத்துங்கள். கீழ்ப்படிந்து, கீழ்ப்பட்டு, கீழ்ப்படுத்தி எல்லாம் வரும். அதோடு 'செவிகொடு', 'அடங்கி', 'கைக்கொள்', 'ஒப்புக்கொடு' என்று தனித்தனியாகத் தேட வேண்டும். ரோமர் 12:1-இல் "ஜீவபலியாக ஒப்புக்கொடுக்கவேண்டும்" என்ற இடத்தில் கீழ்ப்படி என்ற சொல்லே இல்லை. ஆனால் அதை விட்டுவிட்டுப் படித்தால் படிப்பு அரைகுறை. திருவிவிலியம் அங்கே "உங்களைப் படையுங்கள்" என்கிறது. படையல் என்ற சொல் தெரிந்த நமக்கு அது நேராக நெஞ்சில் இறங்கும்.

இனி நூலாகக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டியவை. எழுத்தின் அளவைச் சோதிக்க 'கீழ்ப்படிந்து' என்ற சொல்லையே பாருங்கள்: ழ், ப், ந் மூன்றுக்கும் மேல் புள்ளி இருக்கிறது. கடையின் வெளிச்சத்தில், கையை நீட்டாமல், மூன்று புள்ளியும் தனித்தனியாகத் தெரிந்தால் வீட்டில் இரவிலும் வாசிக்கலாம். சட்டைப்பை அளவுப் பதிப்புகளில் இவை பெரும்பாலும் மைக்கறையாகிவிடும். இணைவசன எண்கள் வசனத்தைவிடச் சிறியவை என்பதால் நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் பெரிய எழுத்துப் பதிப்பையே எடுப்பது நல்லது, கனமானாலும் பரவாயில்லை.

கட்டைப் பார்க்க நூலை மூடி, முதுகின் மேல்முனையை உற்றுப் பாருங்கள். தாள்கள் சிறு சிறு மடிப்புகளாகச் சேர்ந்திருந்தால் தைத்த கட்டு. வெட்டிய தாள்கள் பசையில் நேராக நின்றால் ஒட்டுக்கட்டு. தினமும் முன்னும் பின்னும் புரட்டும் இந்த மாதிரிப் படிப்புக்கு அது தாங்காது, ரோமரும் எபேசியரும் முதலில் கழன்று வரும். வாங்கியதும் நடுவில் பிடித்து விரிக்காதீர்கள். முதுகை மேசைமேல் நிறுத்தி, இரண்டு அட்டையையும் கீழே சாய்த்து, முன்னால் பத்துத் தாள், பின்னால் பத்துத் தாள் என்று மாற்றி மாற்றி விரலால் நீவி நடுவரை வாருங்கள்.

தாள் மெல்லியது, மறுபக்க எழுத்து கொஞ்சம் தெரியத்தான் செய்யும். ஜெல் பேனா ஊறிவிடும், பால்பாயிண்ட் மறுபக்கம் மேடு போடும், ஈரமான ஹைலைட்டர் இரண்டு பக்கத்தையும் கெடுக்கும். மெழுகு கலந்த வண்ணப் பென்சில்தான் சரி. ஓரத்தில் எழுத எச்பி பென்சிலைக் கூராக்காமல் கொஞ்சம் மழுங்க வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் என் தேர்வு பழைய திருப்புதலின் இணைவசனப் பதிப்பு, தைத்த கட்டு, பெரிய எழுத்து. சபையில் காதில் விழுவது அதுதான், மனப்பாடமாக இருப்பதும் அதுதான். தவறாகப் பயன்படுத்தப்படும் வசனங்களை அவை பயன்படுத்தப்படும் அதே சொற்களில் திறந்து பார்க்க முடிய வேண்டும். முடிந்தவர்கள் திருவிவிலியத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளட்டும். கத்தோலிக்கர் இதையே தலைகீழாகச் செய்யலாம். நூற்பெயர்கள் மாறும் என்பதை நினைவில் வையுங்கள்: அப்போஸ்தலர் நடபடிகள் அங்கே திருத்தூதர் பணிகள், யாத்திராகமம் விடுதலைப் பயணம், நாளாகமம் குறிப்பேடு, சங்கீதம் திருப்பாடல்கள். வசன எண்களில் பெரிய சிக்கல் வராது.

திடப்படுத்தல் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பரிசாகக் கொடுப்பவர்கள் ஜிப் வைத்த உறையைத் தவிர்ப்பது நல்லது. ஜிப்பின் பற்கள் தாளின் வெளிமூலையைக் கடிக்கும், முதலில் கிழிவது ஆதியாகமத்தின் தொடக்கமும் வெளிப்படுத்தலின் முடிவும். மடக்கும் ரெக்சின் அட்டையும் இரண்டு ரிப்பனும் உள்ளதாகப் பார்த்து வாங்கினால், ஒரு ரிப்பன் மத்தேயு 26-லும் மற்றொன்று அன்றைக்கு வாசிக்கும் பகுதியிலும் கிடக்கும்.